வளையத்தை முறுக்குவதா, ஒயிலை மாற்றுவதா, புதுச் சொக் போடுவதா?

எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே ஒரே மாடல் பைக் இரண்டு நிற்கிறது. இரண்டும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன்னர் வாங்கியவை. 2025இல் இறக்குமதியைத் திரும்ப விட்ட பிறகு ஒருக்கால் போய்ப் புதுப் பைக்கின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தோம், ஆகவே இருப்பதை வைத்துத்தான் ஓட வேண்டும். ஒன்றில் நான் வன்னியில் மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து, ஏ9 பெருந்தெருவில் ஏறி, கொக்காவில், முறிகண்டி தாண்டிக் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மற்றதில் தம்பி விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் எடுக்கப் போகிறான். கரியரின் இரண்டு பக்கமும் இருபது லீற்றர் கான் ஒவ்வொன்று, வவுனிக்குளத்துப் பக்கக் கிறவல் றோட்டும் வாய்க்கால் கரையும்தான் அவனுடைய பாதை.

ஒரே பைக், ஒரே சொக் (குலுக்கலைத் தாங்குகிற ஷொக் அப்சோர்பரைத்தான் சொல்கிறேன்). ஆனால் என்னுடையது ஏ9இல் எழுபதில் போகும்போது பாலம் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று தரம் மிதந்து ஆடும். அவனுடையது கான் நிறைந்திருக்கும்போது அடியில் இடிக்கும், வெறுங்கானோடு திரும்பி வரும்போது பின்பக்கம் குதிரை மாதிரி எத்தும். இருவரும் தனித்தனியே கராஜுக்குப் போனோம், இருவருக்கும் கிடைத்த வைத்தியம் ஒன்றுதான், பின் சொக்கின் அடியில் இருக்கும் படி வளையத்தைத் திருப்புவது: "வளையத்தை மேல ஏத்தி விடுறன் தம்பி, எல்லாம் சரியாகும்." எனக்குக் கொஞ்சம் மோசமானது. தம்பிக்கு மிகவும் மோசமானது. ஒரு பின்னேரம் வெறுங்கானோடு வந்தவனை மதகு ஏறுகிற இடத்தில் பின்சில்லு தூக்கிப் போட்டது, முழங்கை உரிந்ததோடு தப்பினான். அன்றைக்குத்தான் இதைச் சரியாக விளங்கிக்கொண்டு செய்வோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு ஒன்றரை வருசமாக நாங்கள் செய்து பார்த்ததை, எது யாருக்குப் பொருந்தும் என்ற கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விசயத்தைப் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பிழை இதில்தான் நடக்கிறது. சொக்கில் இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் ஒயில் அந்த ஸ்பிரிங் எவ்வளவு விரைவாக அமுங்கலாம், எவ்வளவு விரைவாக விரியலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் டாம்பிங் என்று பெயர். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அடித்துப் பாருங்கள். மெதுவாக அமுக்கினால் காற்றுச் சுகமாகப் போய்விடும், வேகமாக அமுக்கினால் கை நின்றுவிடும். டாம்பிங்கும் அப்படித்தான், அது பாரத்தைப் பார்ப்பதில்லை, வேகத்தைப் பார்க்கிறது. பைக்கை நிறுத்தி வைத்திருக்கும்போது டாம்பிங் ஒன்றுமே செய்யாது, அப்போது முழுப் பாரமும் ஸ்பிரிங்கின் தலையில்தான்.

பின் சொக்கின் அடியில் ஐந்து படியாக வெட்டிய வளையம் இருக்கிறதே, அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பதற்கு மட்டும் உரியது. அதைத் திருப்பினால் டாம்பிங் ஒரு துளியும் கூடுவதில்லை. ஸ்பிரிங்கின் கடினம்கூட மாறாது, பைக் நிற்கிற உயரம்தான் மாறும். ஆனால் பலர் ஐந்தாம் படியில் வைத்துவிட்டு "சொக்கை ஹார்ட் ஆக்கிட்டன்" என்கிறார்கள். ஒயில் பழுதாகித் தளர்ந்துபோன சொக்கில் வளையத்தை ஐந்துக்கு ஏற்றினால் என்ன நடக்கும்? தள்ளுகிறவனுக்குப் பலம் கூடுகிறது, பிடிக்கிறவன் பழையபடி சோர்ந்துதான் நிற்கிறான். தம்பியைத் தூக்கிப் போட்டது அதுதான்.

சரி, அப்படியென்றால் வளையம் பயனில்லாததா? இல்லை, இந்த வழிகளிலே காசில்லாமல் முடிவது அது ஒன்றுதான், முதலில் செய்ய வேண்டியதும் அதுதான், சரியான காரணத்துக்காகச் செய்ய வேண்டும் என்பதே என் வாதம். பைக்கை நடு ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லு தொங்கும்போது சில்லின் அச்சிலிருந்து சீற்றுக்குக் கீழே ஒரு அடையாளம் வரைக்கும் அளவு நாடாவால் அளவுங்கள். பிறகு கீழே இறக்கி, நீங்கள் வழமையாகப் போகிற உடுப்போடும் சாமானோடும் ஏறி இருங்கள், ஒருவர் பைக்கைப் பிடிக்க இன்னொருவர் அதே இரண்டு இடத்துக்கும் இடையில் அளக்கட்டும். அளவு எவ்வளவு குறைந்ததோ அது, சில்லு மேலும் கீழும் போகக்கூடிய முழு ஓட்டத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். எங்கள் பைக்கில் பின்பக்க ஓட்டம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர், ஆகவே 2 முதல் 2.5 வரை தாழ்ந்தால் நல்லது. நான் 58 கிலோ. கராஜில் நான்காம் படியில் விட்டிருந்தார்கள், நான் ஏறினால் ஒன்றேகால் சென்ரிமீற்றர்கூட இறங்கவில்லை, சில்லுக்குக் குழிக்குள் இறங்க இடமே இல்லை! இரண்டாம் படிக்கு இறக்கினேன். அந்த ஒரு வேலையிலேயே மாங்குளம் வரைக்கும் முதுகுக்கு வந்த குத்து பாதியாகக் குறைந்தது.

தம்பியின் கணக்கு வேறு. அவன் 74 கிலோ, நாற்பது லீற்றர் பால் 41 கிலோ, கான்களின் பாரமும் சேர்ந்தால் கரியரில் மட்டும் ஐம்பது வருகிறது. அதுவும் பின்சில்லுக்கு மேலேயே. அவனுக்குப் போகும்போது இரண்டு, பால் நிறைந்ததும் ஐந்து, கொடுத்துவிட்டு வரும்போது திரும்ப இரண்டு. "ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஆர் அண்ணை திருப்புறது" என்றுதான் முதலில் சொன்னான். வண்டியோடு வந்த வளைந்த ஸ்பனரைச் சீற்றுக்குக் கீழே கட்டி வைத்தோம், இரண்டு பக்கமும் ஒரே படியில் வைக்கவேண்டும் என்பதால் படிகளுக்கு வெள்ளை பெயின்ற் புள்ளி வைத்தோம், இப்போது பால் ஊற்றிக் கணக்கு எழுதும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ரயர் காற்றையும் அப்போதே பார்க்க வேண்டும். ஆள் தனியாகப் போவதற்கும் பின்னால் பாரம் ஏற்றிப் போவதற்கும் வெவ்வேறு அளவு பைக்கில் ஒட்டியிருக்கும், அதைத் தாண்டாமல் பாருங்கள். நிறையப் பேர் சொக்கைக் குறை சொல்கிறார்கள், பார்த்தால் ரயரில் கல்லு மாதிரிக் காற்று.

அடுத்தது, முன் போர்க்கின் (முன்சில்லை இரண்டு பக்கமும் பிடிக்கிற சொக் குழாய்களின்) ஒயில். எனக்கு இதுதான் முக்கியம், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஓடுகிற 100, 125, 150 சிசி பைக்குகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் முன் போர்க்குக்குள் துளைகள் போட்ட ஒரு கம்பிக் குழாய்தான் டாம்பிங்கைச் செய்கிறது. துளையின் அளவு நிலையானது, திருப்ப ஒரு திருகாணியும் வெளியே கிடையாது. ஆகவே டாம்பிங்கை மாற்ற ஒரே வழி, அந்தத் துளை வழியாகப் போகிற ஒயிலை மாற்றுவது. கம்பனி பரிந்துரைத்த ஒயில் பெரும்பாலும் 10 டபிள்யூ வகை, இந்த எண் கூடக் கூட ஒயில் கெட்டி. அது வருசக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால் தண்ணீர் மாதிரி ஆகி, உராய்ந்த உலோகத் தூளோடு கறுத்துப் போகும். எஞ்சினுக்கு ஒயில் மாற்றவேண்டும் என்று தெரிந்த ஆட்களுக்குப் போர்க்குக்கும் ஒயில் இருக்கிறது என்ற நினைப்பே வருவதில்லை. எங்கள் இரண்டு பைக்கிலும் வடித்தபோது வந்தது சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு, அளவிலும் பாதிதான் இருந்தது.

இங்கேதான் தீர்மானம் வருகிறது: அதே 10 டபிள்யூவை ஊற்றுவதா, 15க்குப் போவதா, 20க்குப் போவதா, அல்லது கராஜில் கேட்காமலே ஊற்றுகிற எஞ்சின் ஒயிலா?

எஞ்சின் ஒயிலை முதலிலேயே தள்ளிவிடுங்கள். 20 டபிள்யூ 40 என்ற எஞ்சின் ஒயில் 10 டபிள்யூ போர்க் ஒயிலைவிடப் பல மடங்கு கெட்டி. எழுத்து ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. கிடைத்ததை ஊற்றி வண்டியை ஓட வைத்தவர்களின் கெட்டித்தனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன், அவர்கள் இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு காயக்காரனும் ஆசுப்பத்திரிக்குப் போயிருக்க மாட்டான். ஆனால் இன்றைக்கு மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் போர்க் ஒயில் போத்தலில் கிடைக்கிறது, அதை வாங்கி ஊற்றுவோம்.

10க்கும் 15க்கும் 20க்கும் இடையில் எது என்பதற்கு றோட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். கிறவல் றோட்டில் வெயில் காலத்தில் அலை அலையாக விழுகிறதே, அதில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் எழுபது சென்ரிமீற்றர் என்று வையுங்கள். நாற்பதில் போனால் ஒரு செக்கனுக்குப் பதினொரு மீற்றர் போகிறீர்கள், அதாவது ஒரு செக்கனில் பதினாறு மேடு. ஒவ்வொரு மேட்டுக்கும் சில்லு ஏறவும் வேண்டும், அடுத்த மேடு வரமுதல் இறங்கியும் ஆக வேண்டும். இறங்குவதற்குக் கிடைப்பது ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்குதான். ஒயில் கெட்டியாக இருந்தால் சில்லு முழுவதும் இறங்கி வரமுதல் அடுத்த மேடு வந்து இடிக்கும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் மேலேயே மாட்டும், பத்துப் பதினைந்து மேட்டுக்குள் போர்க் சுருங்கிப்போய் அடியிலேயே நிற்கும். அதற்குப் பிறகு உங்களிடம் சொக்கே இல்லை, இரும்புக் குழாய் இரண்டுதான் இருக்கிறது, ஹாண்டில் கையில் அதிரும், முன்சில்லு நிலத்தில் நிற்கிறதா இல்லையா என்றே தெரியாது. இப்படி அதிர்கிறபோது ஆட்கள் "சொக் சொஃப்ட்டாப் போச்சு, அடிக்குது" என்று நினைத்து இன்னும் கெட்டி ஒயில் ஊற்றுவிக்கிறார்கள். நோயைக் கூட்டுகிற மருந்து அது.

தார் றோட்டில் கதை தலைகீழ். ஏ9 மாதிரியான காப்பெற் றோட்டில் மேடு பள்ளம் நீளமானது, சில்லுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது, அங்கே குழப்பம் மிதப்பதும் பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துவதும்தான். அதற்கு ஒரு படி கெட்டியான ஒயில் உதவும். இந்த வகைப் போர்க்கில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். துளை வழியாக ஒயில் பாயும்போது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே மெதுவான அசைவில் பிடி போதாமலும், கல்லு, குழியின் விளிம்பு மாதிரிக் கூரான அடியில் பிடி அளவுக்கு மிஞ்சியும்தான் அது பிறவியிலேயே இருக்கும். ஒயிலைக் கெட்டியாக்கினால் மிதப்பதைக் குறைக்கலாம், ஆனால் கூரான அடி இன்னும் கொஞ்சம் மணிக்கட்டுக்கு ஏறும். இரண்டையும் ஒன்றாக வெல்ல இந்த வகைப் போர்க்கால் முடியாது.

நாங்கள் மூன்றையும் போட்டுப் பார்த்தோம். நான் 15 ஊற்றினேன், ஏ9க்கு நன்றாகவே இருந்தது, ஆனால் மல்லாவியிலிருந்து மாங்குளம் வரைக்கும் றோட்டு உடைந்த இடங்களில் விரல் மரத்தது. பிறகு 10ஐயும் 15ஐயும் சரிபாதியாகக் கலந்தேன், ஒரே கம்பனியின் ஒயில் என்றால் கலக்கலாம், அதிலேயே நிற்கிறேன். தம்பி யாரோ சொன்னதைக் கேட்டு 20 ஊற்றிப் பார்த்து மூன்று நாளில் வடித்துவிட்டான், இப்போது அவனுக்குச் சுத்தமான புது 10. பாரம் ஏற்றுகிறவனுக்குத்தான் கெட்டி தேவை என்று தோன்றும், ஆனால் அவனுடைய பாரம் முழுவதும் பின்சில்லில், முன்பக்கத்துக்கு வருவது மிகவும் கொஞ்சம். இன்னொன்று, ஒரு கம்பனியின் 10 டபிள்யூ இன்னொரு கம்பனியின் 10 டபிள்யூ ஆக இருக்கும் என்று நம்பாதீர்கள், அதற்கு இறுக்கமான பொது அளவு கிடையாது. போத்தலின் பின்னால் 40 பாகை வெப்பத்தில் எத்தனை சென்ரிஸ்ரோக் (ஒயிலின் கெட்டியை அளக்கிற அலகு) என்று போட்டிருந்தால் அதை ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஊற்றுகிற அளவும் முக்கியம், போர்க்கின் இரண்டு குழாய்க்கும் ஒரே அளவு. ஒயிலுக்கு மேலே இருக்கிற காற்று அமுங்கி இன்னொரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது, ஒயில் மட்டம் ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் அடியில் இடிப்பது நன்றாகவே குறையும், தொடக்கத்து மென்மை மாறாது. குழியில் விழும்போது மட்டும் டங் என்று இடிக்கிற பைக்குக்குக் கெட்டி ஒயில் வேண்டாம், கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் ஐந்து மில்லிலீற்றர், பத்து மில்லிலீற்றர் கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் சீல் (ஒயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் அடைப்பு) ஒழுகலாம்.

இனிப் பின் சொக். இங்கே ஒயில் மாற்றுகிற வழி இல்லை, நூறு, நூற்றைம்பது சிசி பைக்கின் பின் சொக் மூடி அடைத்துத்தான் வருகிறது. ஆகவே போட்டி மூன்றுக்குள்: பழையதை வெட்டி ஒயில் நிரப்பித் திரும்ப ஒட்டுவிப்பது, கம்பனிச் சொக்கே புதிதாக ஒரு சோடி, அல்லது பக்கத்தில் சின்னச் சிலிண்டர் வைத்த, நைதரசன் நிரப்பிய காஸ் சொக் சோடி.

அதற்கு முன் உங்களுடைய பின் சொக் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். சீற்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒரே மூச்சில் மேலே வந்து, கொஞ்சம் தாண்டி, நின்றால் நல்லது. மேலும் கீழுமாக இரண்டு மூன்று தரம் ஆடினால் ஒயில் பிடி போய்விட்டது. தேன் வடிகிற மாதிரி மெதுவாக ஏறினால் பிடி மிஞ்சிவிட்டது, கிறவலுக்கு ஆகாது. இந்தச் சோதனையைக் காலமை குளிர்ந்த பைக்கிலும் செய்து, பதினைந்து நிமிடம் கிறவலில் ஓடிய உடனேயும் செய்யுங்கள். ஒயில் 40 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடானால் அதன் கெட்டி ஏறத்தாழப் பாதியாகிவிடும். சித்திரை வெயிலில் தம்பியின் பைக் காலமை நல்ல பிள்ளையாக நிற்கும், பத்து மணிக்குப் பால் கொடுக்கப் போகும்போது ஊஞ்சல். கையால் அமுக்கிப் பார்க்கிற சோதனை மெதுவான அசைவை மட்டும்தான் காட்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள், கல்லில் அடிபடும்போது என்ன செய்யும் என்பது ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

வெட்டி ஒட்டுகிற வழி மலிவு, ஆனால் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு முறை செய்வித்தோம், ஒரு பக்கம் நான்கு மாதம் நின்றது, மற்றப் பக்கம் ஆறாம் கிழமையே ஒழுகியது, இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு பிடி என்றால் பைக் வளைவில் ஒரு பக்கம் நெளியும். காஸ் நிரப்பிய சொக்கை வெட்டவோ சூடாக்கவோ விடவே விடாதீர்கள். உள்ளே நைதரசன் அழுத்தத்தோடு இருக்கிறது, வெடித்தால் முகத்துக்குத்தான் வரும்.

காஸ் சொக்கின் நன்மை உண்மையானது. வேகமாக அடிபடும்போது ஒயிலுக்குள் காற்றுக் குமிழி உண்டாகி நுரைத்தால் துளை வழியாக நுரைதான் போகும், நுரைக்கு ஒரு பிடியும் இல்லை. நைதரசன் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது, ஆகவே நெடுக அலையடித்த றோட்டில் அரை மணித்தியாலம் ஓடினாலும் பிடி பெரிதாக விடாது. பல்சர் மாதிரிச் சில பைக்குகளுக்குக் கம்பனியிலிருந்தே அப்படித்தான் வருகிறது. ஆனால் சந்தையில் சிவப்பும் தங்கமுமாகத் தொங்குகிற எல்லாவற்றிலும் நைதரசன் இருக்கும் என்றில்லை, சிலவற்றில் அந்தச் சிலிண்டர் வெறும் அழகுக்கு ஒட்டியது. வாங்கும்போது மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரைக்கும் பழைய சொக்கின் நீளமும் புதியதும் ஒன்றா என்று கடையிலேயே அளவுங்கள். ஒரு சென்ரிமீற்றர் நீண்டாலே பின்பக்கம் உயர்ந்து ஹாண்டில் பதறும், செயினின் இறுக்கமும் மாறும். ஸ்பிரிங்கையும் பாருங்கள், பெரிய பைக்குக்கு உரிய தடித்த ஸ்பிரிங்கை என்னைப் போல 58 கிலோக்காரன் போட்டால் வளையம் ஒன்றில் நின்றாலும் பைக் இறங்காது.

என் தெரிவு இது: நான் கம்பனிச் சொக்கே ஒரு சோடி புதிதாகப் போட்டேன், வளையம் இரண்டில், அவ்வளவுதான். பாலத்தடியில் மிதப்பது நின்றுவிட்டது. தம்பிக்கு நல்ல காஸ் சொக் சோடி எடுத்தோம், அவன் ஒரு நாளைக்கு ஓடுகிற கிறவலுக்கும் ஐம்பது கிலோவுக்கும் அந்தக் காசு பொருந்தும். என்னுடையதைப் போல ஆள் தனியாகத் தாரில் ஓடுகிற பைக்குக்கு அது வீண் செலவு, அந்தக் காசுக்கு நல்ல ரயர் இரண்டு போடலாம்.

திருகாணி வைத்த சொக் பற்றியும் கேட்பீர்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய காட்டுப் பாதைப் பைக் சில இங்கேயும் ஓடுகின்றன, அவற்றில் சிலவற்றின் சொக்கில் அமுங்குவதற்கு ஒரு திருகாணியும் விரிவதற்கு ஒரு திருகாணியும் இருக்கும். வசதிதான், ஆனால் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் தொட்டதே இல்லை, மற்றப் பாதி எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கிற என் நண்பன் இரண்டாம் வகை. திருகாணியை முதலில் மெதுவாக முழுவதும் மூடுங்கள், எத்தனை சொடுக்கில் (டிக் என்று விழுகிற படியில்) மூடுகிறது என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள், அதுதான் திரும்பி வருகிற இடம். பிறகு விரிவதற்கு உரியதைத் தொடுங்கள், பொதுவாக அது சொக்கின் அடியில் இருக்கும். கிறவலுக்கு இரண்டு இரண்டு சொடுக்காகத் திறந்துகொண்டே போய், பின்பக்கம் எத்தத் தொடங்குகிற இடத்தில் ஒரு சொடுக்குத் திரும்ப மூடுங்கள். அமுங்குவதற்கு உரியதைக் கடைசியில் தொடுங்கள். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே றோட்டில் அதே வேகத்தில் ஓட வேண்டும். நாங்கள் வாய்க்கால் கரையில் ஒரு பாலை மரத்திலிருந்து மதகு வரைக்கும் என்று வைத்துக்கொண்டோம். நண்பன் மூன்று பின்னேரத்தில் தன் பைக்கை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டான். "இவ்வளவு காலமும் ஒரு கட்டையிலதான் இருந்து ஓடியிருக்கிறன்" என்றான்.

றோட்டு வருசம் முழுக்க ஒரே றோட்டாக இருப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் கிறவல் கரைந்து குழி விழும், குழி நிறையத் தண்ணீர் நிற்பதால் ஆழம் தெரியாது, அப்போது வேகம் குறைவு, அடி பெரிது. காலபோக அறுவடைக்கு உழவு இயந்திரமும் லொறியும் ஓடி, மாசி பங்குனியில் தண்ணீர் காய்ந்த பிறகு அலை விழும், அப்போது அடி சின்னது, ஆனால் ஓயாது. மழைக்கு ஒயில் மட்டம் உதவும், அலைக்கு மெல்லிய ஒயில் உதவும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்து நிற்பதுதான் நடைமுறை, நான் அலைப் பக்கம் சாய்வேன், ஏனென்றால் குழியைக் கண்டு ஒதுங்கலாம், அலையில் ஒதுங்க இடமில்லை. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்து மணலில் ஓடுகிறவர்களுக்கு இது சரிவராது, மணலில் முன்பக்கம் தாழ்ந்தால் புதையும், அவர்கள் ஒரு படி கெட்டி ஒயிலோடு நிற்பது நல்லது.

செம்மண் தூசு போர்க்கின் சீலைத் தின்னும், வாரத்துக்கு ஒருக்கால் ஈரத்துணியால் பளபளப்பான குழாயைத் துடையுங்கள், ரப்பர் உறை இருந்தால் கழற்றி உள்ளே பாருங்கள். சீல் ஒழுகத் தொடங்கினால் சீலோடு சேர்த்து ஒயிலையும் மாற்றுங்கள், ஒழுகின அளவுக்கு மேலே ஊற்றிச் சமாளிக்க வேண்டாம்.

ஒரு விசயம் எங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகும்போது அம்மா என் பைக்கில் பின்னால் இருந்து வருவா, முதுகு வருத்தக்காரி, பக்கவாட்டில்தான் இருப்பா. வளையத்தை மூன்றில் வைத்தால் குழியில் இடிக்கிறது, நான்கில் வைத்தால் அவவைத் தூக்குகிறது. போன வருசம் நான்கில் வைத்து, பின் ரயரில் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து, ஒட்டுசுட்டான் தாண்டும் வரைக்கும் முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. இந்த வருசம் தம்பியின் காஸ் சொக் சோடியைக் கழற்றி என்னுடையதில் பூட்டி, காலமை மாமரத்தடியில் அம்மாவை இருத்தி அளந்து பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவது என்று இருக்கிறோம். அன்றைக்குப் பால் எடுக்க அவன் தன் பைக்கில் என் சொக் சோடியோடு போவான், பால் நிறைந்ததும் வளையம் ஐந்தில்.